இரவு இரண்டு மணிக்கு எழுப்பும் நாய்



நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கக்கூடிய ஒரு குறையைப் பற்றி இன்று எழுத விரும்புகிறேன். நாம் அயர்ந்து உறங்கிக்கொண்டிருப்போம். நாய் கட்டிலருகே வந்து முனகும். காலால் பிறாண்டும். கதவுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருக்கும். எழுந்து கதவைத் திறந்தால் ஓடிப்போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வந்து சுருண்டு படுத்துக்கொள்ளும். அதற்கு உடனே உறக்கம் வந்துவிடும், நமக்கு வராது. பள்ளி விடுமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். விடிந்தால் முதலாம் ஆண்டு வகுப்பில் இருபத்தைந்து குழந்தைகள் காத்திருக்கும் நாளில் எப்படிப் பொறுப்பது?

இது சிறிய செய்திதானே, இதற்கொரு கட்டுரை வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். எழுத வேண்டிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அண்மையில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் செல்லப் பிராணி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவனின் கட்டுரை முழுவதும் இறந்த காலத்திலேயே அமைந்திருந்தது. 'எங்களிடம் ஒரு நாய் இருந்தது. அது வாலை ஆட்டியது. அது என்னோடு விளையாடியது.' மற்ற பிள்ளைகள் எல்லாரும் நிகழ்காலத்தில் எழுதியிருந்தார்கள். அவனை மேசைக்கு அழைத்து, "ஏன் ஐயா எல்லாவற்றையும் 'இருந்தது, ஆட்டியது' என்று எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அது ராத்திரியெல்லாம் எழுப்புச்சு டீச்சர். அப்பா செம்பனைத் தோட்டத்துல விட்டுட்டு வந்துட்டாரு."

இலக்கணம் சரியாகத்தான் இருந்தது.

அத்தந்தையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்று நேர வேலை செய்பவர். உறக்கம் கெட்டால் மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியவர். ஆனால், வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய் செம்பனைத் தோட்டத்தில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பது நாம் அறிந்ததே. நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் விலங்குக் கொடுமைக்கு இருபதாயிரம் ரிங்கிட் முதல் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடமளிக்கிறது. சட்டத்தை விடுங்கள். அந்த வீட்டில் நாய்க்கு இருந்த சிக்கல், பெரும்பாலும் சில வாரங்களில் சரிசெய்யக்கூடிய ஒன்று. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் உண்டு. பெயர் பிரவுனி. பள்ளி மதிலோரம் குட்டியாகக் கிடைத்தவள். இப்போது ஐந்து வயது. எடை பன்னிரண்டு கிலோ. அவளும் சில மாதங்களுக்கு முன்பு இரவு இரண்டு மணிக்கு எங்களை எழுப்பத் தொடங்கினாள். என் கணவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கைவிளக்கோடு வாசலுக்குப் போவதும், நான் மறுநாள் வகுப்பில் கொட்டாவியை அடக்குவதுமாக நாள்கள் கழிந்தன. எங்களோடு வசிக்கும் என் தாயார் ஒருநாள் காலையில் தேநீர் கலக்கிக்கொண்டே சொன்னார்:

"தோட்டத்துல நாய்க்குக் கதவே கெடையாதும்மா. அது பாட்டுக்குப் போவும், வரும். இங்க நாமதானே பூட்டி வெச்சிருக்கோம். அப்புறம் நம்மளத்தான எழுப்பும்?"

என் தாயார் செலாமா பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். விடியுமுன்பே எழுந்து பெரட்டுக்குப் போனவர். அக்காலத்தில் நாய்கள் லயத்து வாசலில் படுத்திருக்கும். வெட்டுக்காட்டுக்கும் கூடவே போகும். நாய் இரவில் எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்பது எவருக்கும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, வீடமைப்புக்காகத் துண்டாடப்பட்டன, நம் மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். வரிசை வீட்டின் முன்புறம் முழுவதும் சிமெண்டு. அதற்கு முன்னால் இரும்புக் கதவு. திருட்டுக்கு அஞ்சி இரவில் நாயையும் வீட்டுக்குள் படுக்க வைக்கிறோம். ஆகவே, நாய் நம்மை எழுப்புவது கெட்ட குணமன்று. சாவி நம் கையில் இருப்பது அதற்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி எரிச்சல் தணிந்துவிடும்.

மீதிப் பாதிக்குத்தான் வழி தேட வேண்டும். நாய் இரவில் எழுப்பினால், அது தேவையா, நோயா, பழக்கமா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு.

முதலாவது, தேவை

குட்டி நாயால் நீண்ட நேரம் அடக்க முடியாது. எத்தனை மாத வயதோ, ஏறத்தாழ அத்தனை மணி நேரம் என்பது ஒரு பொதுக் கணக்கு. மூன்று மாதக் குட்டி மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை எழுப்பினால் அது இயல்பே. எழுந்துதான் ஆக வேண்டும். நலமாக உள்ள வளர்ந்த நாய் இரவில் ஆறு முதல் எட்டு மணி நேரம் அடக்கிக்கொள்ளும். ஆனால், படுக்கும் முன் அதன் வயிறு காலியாகியிருக்க வேண்டும்.

இங்கேதான் நம் தைப்பிங்கிற்கென ஒரு தனிச்சிக்கல் வருகிறது. மழை! ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. தீபகற்ப மலேசியாவில் இவ்வளவு மழை பெறும் நகரம் வேறில்லை. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று புக்கிட் லாருட் மலைச்சரிவில் மோதி மேலெழுந்து மாலையில் மழையாகக் கொட்டுகிறது. அக்காலத்தில் இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டினார்கள் என்பது இவ்வூரார் எல்லாரும் சொல்லும் கதை.

பிரவுனி எழுப்பும் இரவுகளை ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் குறித்து வைத்தேன். ஆசிரியர்களுக்குப் பதிவேடு எழுதுவது பழகிய வேலைதானே! தேதி, மாலையில் மழை பெய்ததா, கடைசியாக எப்போது வெளியே போனாள், எத்தனை மணிக்கு எழுப்பினாள், வெளியே போய் உண்மையில் சிறுநீர் கழித்தாளா என ஐந்தே கட்டங்கள். பதினான்கு இரவுகளில் ஒன்பது இரவுகள் எழுப்பியிருந்தாள். அந்த ஒன்பதில் ஏழு, மாலையில் மழை கொட்டிய நாள்கள். நனைந்த புல்லில் கால் வைக்க அவளுக்குப் பிடிக்காது. வாசல்வரை வருவாள், மழையைப் பார்ப்பாள், திரும்பி உள்ளே போய்விடுவாள். நாங்களும் கதவைப் பூட்டிவிட்டுப் படுத்துவிடுவோம். அடக்கிய சிறுநீர் இரண்டு மணிக்கு அவளை எழுப்பியது; அவள் எங்களை எழுப்பினாள். காரணம் தெரிந்த பிறகு செய்தவை இவை:

1. இரவு உணவை ஒன்பது மணியிலிருந்து ஆறரை மணிக்கு மாற்றினோம். உண்டபின் ஓரிரு மணி நேரத்தில் வெளியே கூட்டிச் சென்றோம்.

2. வாகனம் நிறுத்தும் கூரையின்கீழ் ஒரு மூலையில், பழைய பெரிய தட்டில் மண் நிரப்பி, செடி விற்கும் கடையில் கிடைக்கும் புல் துண்டைப் பதித்து வைத்தோம். முதல் சில நாள் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். அவளுடைய சிறுநீர் துடைத்த தாளை அதன்மேல் வைத்தபின் விளங்கிக்கொண்டாள். மழை நாளில் இப்போது அதுதான் அவளுக்குக் கழிப்பிடம். இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை புல்லையும் மண்ணையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாற்றம் எடுக்கும்.

3. படுக்கும் முன், பத்தரை மணிக்கு, கடைசிப் பயணம். மழை பெய்தால் ஓயும்வரை கால் மணி நேரம் காத்திருப்போம். தைப்பிங் மழை பெரும்பாலும் மாலையில் வெளுத்துக்கட்டிவிட்டு இரவில் சற்று ஓய்ந்து கொடுக்கும்.

4. படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்தோம். இது நலமாக உள்ள வளர்ந்த நாய்க்கு மட்டுமே பொருந்தும். குட்டிக்கும் முதிய நாய்க்கும் நோயுள்ள நாய்க்கும் தண்ணீரை மறைக்கவே கூடாது.

இரண்டாவது, நோய்

இரவெல்லாம் உறங்கிய நாய் திடீரென்று எழுப்பத் தொடங்கினால் விலங்கு மருத்துவரைப் பார்ப்பதே முறை. சிறுநீர்ப்பாதைத் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகிய மூன்றுமே நாயை அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும். நீரிழிவு மனிதருக்கு மட்டும் வரும் நோயன்று!

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலில் அளந்து ஊற்றி, ஒரு நாளில் நாய் எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால் அது மிகுதி. பன்னிரண்டு கிலோ நாய் ஒரு நாளில் 1.2 லிட்டருக்கு மேல் குடித்தால் மருத்துவரிடம் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அவருக்கு அது பெரிதும் உதவும்.

நம் ஊர் ஈரத்தில் நாய்களுக்குத் தோல் அரிப்பு அதிகம். அதற்குப் பிரட்னிசோலோன் போன்ற மாத்திரைகளைத் தருவதுண்டு. அம்மாத்திரை தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும். மாத்திரை தொடங்கிய வாரத்தில் இரவுப் பயணமும் தொடங்கியிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். ஆனால், நாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவரைக் கேட்டே அளவை மாற்ற வேண்டும்.

கருத்தடை செய்யப்பட்ட பெண் நாய் சில வேளைகளில் உறக்கத்திலேயே அறியாமல் சிறுநீர் விடும். படுக்கை நனைந்திருக்கும், அதற்கே தெரியாது. இதற்கும் மருந்து உண்டு. முதிய நாய் இரவில் திசை தெரியாமல் நடக்கும். சுவரைப் பார்த்து நிற்கும். அது மூளை முதுமையின் அறிகுறியாக இருக்கலாம். முதிய பெற்றோரை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பழக்கம்

தேவையும் தீர்ந்துவிட்டது, நோயும் இல்லை. ஆனாலும் நாய் எழுப்புகிறது என்றால் அது பழக்கம். என் பதிவேட்டின் ஐந்தாம் கட்டம் இதற்காகத்தான். வெளியே போய்ச் சிறுநீர் கழிக்காமல் வேடிக்கை பார்க்கும் இரவுகள் மிகுந்தால், எழுப்புவதற்குக் காரணம் வேறு.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பாவ்லோவின் நாய்களைப் பற்றிப் படித்தோம்; மணியோசையும் உமிழ்நீரும் தேர்வுக்கு வரும் என்று மனனம் செய்தோம். அதைவிட இங்கு உதவுவது, ஸ்கின்னர் கூறிய வலுவூட்டல் கோட்பாடு. எச்செயலுக்குப் பின் இன்பம் கிடைக்கிறதோ அச்செயல் மீண்டும் நிகழும். இரவில் எழுப்பியதும் விளக்கு எரிகிறது, வீட்டார் பேசுகிறார்கள், தலையைத் தடவுகிறார்கள், "சரி, இந்தா" என்று ஒரு பிஸ்கட்டும் கிடைக்கிறது. நாயின் பார்வையில் இது நள்ளிரவு விருந்து. நாளையும் எழுப்பாமல் இருக்குமா?

அதைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. நான்கு இரவு கண்டுகொள்ளாமல் இருந்து, ஐந்தாம் இரவு பொறுக்க முடியாமல் எழுந்து கொஞ்சினால், பழக்கம் குறையாது, முன்னிலும் உறுதிப்படும். விட்டு விட்டுக் கிடைக்கும் பரிசுதான் மிக ஆழமாகப் பதியும். கடையில் மிட்டாய்க்காக அழும் குழந்தைக்கு ஐந்தாம் முறை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர்க்கு இது புரியும்.

ஆகவே, எழ வேண்டியிருந்தால் எழுங்கள். ஆனால், சுவையற்ற முறையில் எழுங்கள். பெரிய விளக்கைப் போடாதீர்கள். பேசாதீர்கள். கழுத்துவாரைப் பூட்டி, எப்போதும் ஒரே இடத்திற்குக் கூட்டிச் செல்லுங்கள். ஐந்து நிமிடம் நில்லுங்கள். சிறுநீர் கழித்தால் தாழ்ந்த குரலில் "நல்லது" என்று ஒரு சொல். கழிக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிடுங்கள். தின்பண்டம் இல்லை, விளையாட்டு இல்லை. வெளிச்சம் வேண்டுமென்றால் தரையை நோக்கி ஒரு கைவிளக்கு போதும். புல்லில் பாம்பு இருக்கக்கூடிய ஊர் என்பதால் அது கட்டாயமும்கூட. இரண்டு மூன்று வாரத்தில் நாய்க்கே சலித்துவிடும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு: எழுப்பியதற்காக அடிப்பது, அதட்டுவது. அடி வாங்கிய நாய் அடக்கக் கற்றுக்கொள்ளாது. கேட்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்ளும். பிறகு சோபாவுக்குப் பின்னால் போய் ஓசையின்றிக் கழித்துவிட்டு வரும். அப்போது நாம் இழப்பது பெரிது. ஏனென்றால், நமக்கு உண்மையிலேயே நோய் பற்றிய செய்தியைச் சொல்ல அதனிடம் இருந்த ஒரே வழி அந்த முனகல்தான்.

அண்டை வீட்டாரைப் பற்றியும் ஒரு சொல். நம் தாமான்களில் பல இனத்தவரும் சேர்ந்து வாழ்கிறோம். நம் மலாய் அண்டையருக்கு நாயின் ஈரம் பட்டால், ஒருமுறை மண் கலந்த நீராலும் ஆறு முறை தூய நீராலும் கழுவ வேண்டும் என்பது சமயக் கடமை. இரவில் நாயை அவர்கள் வாசலுக்கு அருகே நிறுத்துவதும், கழிவை அள்ளாமல் விடுவதும் பண்பன்று. கழிவை அள்ளப் பை எடுத்துச் செல்லுங்கள். சிறுநீர் கழித்த இடத்தில் ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். எலிச்சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகவும் மனிதருக்குத் தொற்றக்கூடியது. அதற்கு நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு என்பதையும் நினைவில் கொள்க.

இனி, ஆசிரியர்களுக்கு.

முதலாம் ஆண்டில் கற்பிப்பவர்கள் நாள்தோறும் கேட்கும் வாக்கியம் எது? "டீச்சர், கழிப்பறைக்குப் போகலாமா?" என்பதுதான். ஒரு பிள்ளை கேட்டால் பத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். யாருக்குத் தேவை, யாருக்கு வேடிக்கை என்று பிரித்தறிவது கடினம். சிலர் "உட்கார், இடைவேளையில் போகலாம்" என்று அதட்டிவிடுவதுண்டு. அதட்டப்பட்ட பிள்ளை அடுத்த முறை கேட்காது, நாற்காலியிலேயே நனைத்துவிடும். பிறகு அந்த ஆண்டு முழுவதும் நண்பர்களின் கேலி. தேவைக்கு என்றும் வழி விடுவோம். வேடிக்கைக்குச் சுவை சேர்க்காமல் இருப்போம். ஒரு நேரத்தில் ஒருவர், போனதும் திரும்ப வேண்டும் என்ற எளிய விதி போதும். அடிக்கடி கேட்கும் பிள்ளையின் பெயரை ஒரு வாரம் குறித்து வைத்தால், பெற்றோரிடம் பேச வேண்டிய செய்தி ஒன்று அதில் கிடைக்கலாம்.

பெற்றோர்களுக்கும் இது பொருந்தும். ஏழு வயதுப் பிள்ளைகளுள் ஐந்து முதல் பத்து விழுக்காட்டினர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். அது சோம்பலன்று, பிடிவாதமுமன்று. பெரும்பாலோர்க்கு வளர வளர நின்றுவிடும். அடிப்பதால் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. படுக்கும் முன் கழிப்பறை, நனைந்தால் அமைதியாகத் துணி மாற்றுதல், தேவைப்பட்டால் மருத்துவர். நாய்க்குச் சொன்ன அதே வரிசைதான்.

பிரவுனி இப்போது முழுமையாகத் திருந்திவிட்டாள் என்று சொல்லமாட்டேன். கடந்த மாதம் மூன்று இரவுகள் எழுப்பினாள். மூன்று இரவும் உண்மையிலேயே போக வேண்டியிருந்தது. எழுந்து போனோம், ஐந்து நிமிடத்தில் படுத்துவிட்டோம். அந்த மூன்று இரவுகளை நாங்கள் குறையாகக் கருதுவதில்லை.

உங்கள் வீட்டு நாய் இன்றிரவு எழுப்பினால், திட்டுவதற்கு முன் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்து ஐந்து கட்டங்கள் வரையுங்கள். இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்திற்கு வண்டியை எடுப்பதற்கு முன்பு செய்யக்கூடிய வேலைகள் பல இருப்பதை அந்தப் பக்கங்களே காட்டிக்கொடுக்கும்.